பரமேசு அக்காவிடம் நான் கேட்ட திகதி

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த காலை. அருச்சனைத் தட்டை வாழையிலையால் மூடிக்கொண்டு கோயிலில் இருந்து நேரே பரமேசு அக்கா வீட்டுக்குப் போனேன். படலைக்கு உள்ளே முற்றம் முழுவதும் வெள்ளம். செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் தட்டோடு கணுக்கால் தண்ணீரில் நடந்தேன்.

பரமேசு அக்கா விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் படலையைத் தாண்டியதில்லை. தனி ஆள். ஒரே மகன் சுதன், சில வருடங்களுக்கு முன், புங்குடுதீவையும் வேலணையையும் சேர்க்கிற பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான்.

“என்ன பிள்ளை, தட்டோடை வாறீர்? ஆற்றை அருச்சனை?”

“சுதன்ரை மோட்ச அருச்சனை அக்கா. இண்டைக்கெல்லே அவன்ரை திதி.”

அவர் கை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற வெள்ளத்தைப் பார்த்தார்.

“அது போட்டுது பிள்ளை. தசமியெல்லே அவனுக்கு. போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளாச்சு.”

வெளிநாட்டில் இருந்து இந்தத் தொடரைப் படிக்கிற இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செத்தவர்களுக்கு ஆண்டுதோறும் நாங்கள் செய்கிற திதி ஆங்கிலத் திகதிப்படி வராது. எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, அதில் எத்தனையாம் நாள் என்று பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும். அதனால் திகதி வருடத்துக்கு வருடம் முன்பின்னாக நகரும்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து என் மாமனாரின் திதிக்குப் பஞ்சாங்கம் பார்த்து, குளித்து முழுகி, நானேதான் சமைத்துப் படைக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் தசமியைத் திகதியாக மாற்றினேன். அதற்காக வீடு வீடாக அலைந்தும் இருக்கிறேன்.

போன கிழமை என் கலியாண வீட்டுக் கூத்தைப் படித்துச் சிரித்தீர்கள். இந்தக் கிழமை சிரிக்க ஒன்றும் இல்லை. “இதை ஏன் எழுதிறீர், சும்மா விடுமன்” என்று இவர், என் கணவர், சொன்னார். எழுதாமல் விட்டால் சுவாமி அறைக்குள் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தேவாரம் போலப் படித்தது

என் படிப்பு பதினோராம் வகுப்பு ஓ.எல். வரைதான். அதுவும் கணக்கில் அரைகுறைச் சித்தி. இவர் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகில் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டில் இருந்தபடியே ஏதாவது உழைக்கலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் தீவகப் பெண்களுக்கு என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். கொம்பியூட்டருக்கு நாங்களே புரோகிராம் எழுதப் படிப்பிப்பார்களாம். சனி, ஞாயிறு. ஒரு வருடம். மடிக்கணினியும் தருவார்கள்.

முதல் பஸ்ஸில் போவேன். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் பாசி மணக்கும். மடியில் கொப்பியை விரித்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருந்த ஒரு ஐயா ஒருநாள் கேட்டார், “பிள்ளை என்ன, கந்தசஷ்டி விரதமோ?” நான் உண்மையில் சொல்லிக்கொண்டிருந்தது லூப் என்கிற பாடம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யக் கணினிக்குச் சொல்கிற முறை.

அதுதான் நான் படித்த விதம். சின்ன வயதில் தேவாரத்தை எப்படிப் பாடமாக்கினேனோ அப்படியே புரோகிராம்களையும் பாடமாக்கினேன். பொருள் பிறகு விளங்கும், முதலில் வாயில் வரட்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தேவாரத்துக்கு அது உண்மைதான். இருபது வருடம் கழித்து ஒரு துன்பம் வந்தபோது பாதி வரி விளங்கி அழுதிருக்கிறேன். கணினிக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதல் நாள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுவது என் பழக்கம். முதல் புரோகிராமின் உச்சியிலும் ஒரு ‘உ’ போட்டேன். ஓடவில்லை. சிவப்பு எழுத்தில் திட்டியது. படிப்பிக்கிற சேர் வந்து பார்த்தார். என் தம்பி வயதுப் பெடியன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு!

“அக்கா, பிள்ளையாரை நான் எடுக்கச் சொல்லேல்லை. அதுக்கு முன்னாலை இந்தக் குறியைப் போடுங்கோ. அப்ப கொம்பியூட்டர் அந்த வரியை வாசிக்காது.”

“அது வாசிக்காட்டி என்ன சேர், பிள்ளையார் வாசிப்பார்தானே.”

வகுப்பே சிரித்தது. அந்த வருடத்தில் நான் மனம் விட்டுச் சிரித்ததும் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

சோதனையில் நல்ல புள்ளி. வினாத்தாளில் புரோகிராம் தந்து, இடையிடையே கீறிட்ட இடம் விட்டிருந்தார்கள். பாடமாக்கியவளுக்குக் கீறிட்ட இடம் பெரிய காரியமா? சான்றிதழைக் கண்ணாடி போட்டு சுவாமி அறைக்கு வெளியே மாட்டினோம். இவர் வாறவர் போறவருக்கு எல்லாம் காட்டினார்.

வெறும் திரை

வகுப்பு முடிந்த பிறகுதான் வருத்தம் தொடங்கியது.

வீட்டு வேலை முடித்து, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் இருப்பேன். திரை வெள்ளையாக இருக்கும். கீறிட்ட இடம் என்று ஒன்றும் இல்லை, முழுவதுமே இடம். ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்கிற இஃப் என்றால் என்ன என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்த வேலைக்கு இஃப் வேண்டுமா, லூப் வேண்டுமா, எதை முதல் எழுதுவது என்று கேட்டால் தலைக்குள் மூடுபனி.

மா, உப்பு, தேங்காய்ப்பூ எல்லாம் எது எது என்று தெரியும். அடுப்படியில் கொண்டுபோய் விட்டால் பிட்டு அவிக்கத் தெரியவில்லை. அப்படி ஒரு நிலை.

“என்ன, உம்மடை பெட்டி இண்டைக்கும் வாய் திறக்கேல்லையோ?” என்று இவர் கேட்பார். பகிடிக்குத்தான். ஆனால் இரண்டு மாதம் போனதும் அந்தப் பகிடியையும் விட்டுவிட்டார். அது இன்னும் வலித்தது.

சேர் ஒரு இடத்துக்கு என்னை வேலைக்குச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் மாடியில் ஒரு அறை. ஒரு மணித்தியாலம் தந்து சின்ன வேலை ஒன்று கொடுத்தார்கள். ஒரு பெயர்ப் பட்டியலில் இரண்டு தரம் வந்த பெயர்களைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பிள்ளை, தகரத்தில் மழை விழுவது போலத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பாடமாக்கிய இருபத்திரண்டு புரோகிராம்களையும் மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை.

மணித்தியாலம் முடிந்தபோது என் திரையில் இருந்தது பிள்ளையார் சுழி மட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். அல்லைப்பிட்டி தாண்டும் வரை ஒரு பதிகம் சொன்னேன். பிறகு அதுவும் வரவில்லை.

கோயில் புத்தகம்

எங்கள் சிவன் கோயிலில் ஒரு திதிப் புத்தகம் உண்டு. வெளிநாட்டில் உள்ளவர்களும் நடமாட ஏலாதவர்களும் தங்கள் ஆட்களின் பெயரையும் திதியையும் அதில் எழுதிவைப்பார்கள். மனேச்சர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அன்றன்றைக்கு உரியவரின் பெயரைக் குருக்களிடம் கொடுப்பார். மோட்ச அருச்சனை நடக்கும். உள்ளூரில் உறவு இருந்தால் பிரசாதம் வீட்டுக்குப் போகும்.

மனேச்சருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் பூசை முடிய என்னைக் கூப்பிட்டார்.

“மலர், நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே? இந்தப் புத்தகத்தை அதுக்குள்ளை ஏத்தி, இண்டைக்கு ஆற்றை திதி எண்டு அதுவே சொல்லுற மாதிரிச் செய்து தாருமன்.”

எனக்கு உடம்பு புல்லரித்தது. எம்பெருமானே இந்த வேலையைத் தருகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் செய்த விதம்தான் பொய்.

நாலு நாள் வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தேன். ஐந்தாம் நாள் வகுப்புக் கொப்பியைப் புரட்டினேன். அதில் ஒரு பயிற்சி இருந்தது. பிறந்தநாள் நினைவூட்டி. பெயரையும் பிறந்த திகதியையும் கொடுத்து வைத்தால், ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் பெயரைக் காட்டும். எழுத்துப் பிசகாமல் பாடமாக்கியிருந்த ஒன்று.

அதை அப்படியே எழுதினேன். திரையில் ‘பிறந்தநாள்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் ‘திதி’ என்று மாற்றினேன். ஓடியது! அழுதுவிட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் அது திகதி கேட்டது. புத்தகத்திலோ ஆவணி அபரபட்சப் பஞ்சமி, ஐப்பசிப் பூர்வபட்சத் தசமி என்று இருந்தது. அபரபட்சம் தேய்பிறை, பூர்வபட்சம் வளர்பிறை. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வகுப்பில் ஒரு கேள்விக்கு விடை வராவிட்டால் பிழை என்னிடம்தான் இருக்கும். அந்தப் பழக்கம். கணினி திகதி கேட்டால் திகதி கொண்டுவந்து கொடுப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன்.

செத்தவீட்டு நினைவாக அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். வெளிநாட்டுக்கு வட்ஸ்அப்பில் கேட்டு எழுதினேன். வெயிலில் சைக்கிள் உழக்கி வீடு வீடாகப் போனேன். பரமேசு அக்கா வீட்டுக்கும் போனேன்.

“அக்கா, சுதன் மோசம்போன நாள்?”

“ஐப்பசித் தசமி பிள்ளை. வளர்பிறை. புத்தகத்திலை இருக்குமே.”

“அது இருக்கு அக்கா. இங்கிலீசுத் திகதி வேணும்.”

“அது என்னத்துக்கு?”

“கொம்பியூட்டருக்கு அதுதான் விளங்கும் அக்கா.”

அவர் கதிரைக் கையைப் பிடித்து எழும்பி, நடக்கிற சட்டத்தை உந்தி உந்தி அறைக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கனநேரம் வரவில்லை. வந்தபோது கையில் மரணச் சான்றிதழ் இருந்தது. அதை என்னிடம் நீட்டும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து திகதியை எழுதிக்கொண்டேன்.

சரியாக இருந்த ஒன்றைப் பிழையாக மாற்றுவதற்கு அவ்வளவு பாடுபட்டேன்.

ஆடி மாதம் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். எந்தத் திகதியில் யார் பெயர் என்று மட்டும் இருந்தது. மனேச்சர் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “இனி எனக்கென்ன கவலை! கொம்பியூட்டர் எண்டால் பிசகாது” என்று சொல்லிப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தக் கிழமை முழுவதும் நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

தசமி அன்று

மறுபடியும் அந்த வெள்ள முற்றத்துக்கு வருகிறேன்.

தட்டைத் தரையில் வைக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் நின்றேன். பரமேசு அக்கா கோபிக்கவில்லை. நடந்ததைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

தசமி அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் துணையோடு தலைக்கு வார்த்திருக்கிறார். படத்துக்கு நந்தியாவட்டை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் கோயில் பிரசாதம் வந்து விபூதி பூசிய பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்.

“மத்தியானப் பூசை மணி இஞ்சை கேக்கும். கேட்டிச்சுது. இப்ப வருவினம் எண்டு படலையைப் பாத்துக்கொண்டிருந்தன். மழை எண்டபடியால் சுணங்குது எண்டு நினைச்சன். பேந்து பின்னேரப் பூசை மணியும் கேட்டிச்சுது.”

“ஒரு போன் எடுத்திருக்கலாமே அக்கா!”

“என்னெண்டு கேக்கிறது? என்ரை பிள்ளையை மறந்திட்டியளோ எண்டோ? கேட்டுச் செய்விக்கிற காரியமே பிள்ளை இது?”

“சாப்பிட்டனீங்களோ?”

“அடுத்த நாள் விடியத் தேத்தண்ணி குடிச்சனான். நான் கோயிலுக்கு வாறதில்லையெல்லே, அதாலை பேரை வெட்டிப்போட்டினம் ஆக்கும் எண்டு நினைச்சன்.”

“இல்லை அக்கா, நான்தான், நான்தான்” என்று தொடங்கினேன். பிறந்தநாள் பயிற்சியைப் பற்றியும் திகதியைப் பற்றியும் ஏதேதோ சொன்னேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. விளங்க வேண்டியதும் இல்லை.

மழை திரும்பவும் தூறத் தொடங்கியது. “அழாதையும். தட்டை உள்ளை வையும், நனையுது,” என்றார்.

அங்கிருந்து நேரே கோயிலுக்கு ஓடினேன். மனேச்சர் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுக்க, நான் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தேன். ஆடியில் இருந்து அன்று வரை ஒன்றுகூடச் சரியான நாளில் நடக்கவில்லை. சுதனைத் தவிர மற்றவை எல்லாம் வெளிநாட்டுக் குடும்பங்களின் பெயர்கள். அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. எத்தனை தகப்பன்மார், எத்தனை தாய்மார் தங்கள் நாளில் வந்து காத்திருந்துவிட்டுப் போனார்களோ என்று நினைத்தபோது, கோயில் என்றும் பார்க்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

மனேச்சர் திட்டவில்லை. “நானும் ஒருக்கால் பாத்திருக்க வேணும்,” என்றார். பிறகு, “திருத்த ஏலாதே?” என்று மெதுவாகக் கேட்டார்.

சேருக்குப் போன் எடுத்தேன். சந்திரக் கணக்கு வேண்டும், அதை ஆரோ எழுதி வைத்திருப்பார்கள், எடுத்து இணைத்தால் சரி என்றார். தேடினேன். கிடைத்தது. எப்படி இணைப்பது என்று தெரியவில்லை. ஒருவாறு இணைத்துப் பார்த்தால், எங்கள் கோயில் பார்க்கிற வாக்கிய பஞ்சாங்கத்தோடு அது ஒத்துவரவில்லை. ஒரு கிழமை சமைத்ததும் தெரியாமல் சாப்பிட்டதும் தெரியாமல் இருந்தேன். பிறகு மனேச்சரிடம் போய், ஏலாது என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு வருடப் படிப்பும் ஒரு வருட நடிப்பும் தேவைப்பட்டிருக்கிறது.

புத்தகத்தைப் பெரிய எழுத்தில் கையால் பிரதி பண்ணிக் கொடுத்தேன். அதையாவது சரியாகச் செய்தேன்.

அமாவாசை

தவறிய திதியை அடுத்து வருகிற அமாவாசையில் செய்யலாம் என்று குருக்கள் சொன்னார். தவறவிட்ட பெயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அருச்சனை செய்தார். நான் அன்று பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. சுதனின் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பரமேசு அக்கா விபூதியை எடுத்துப் பூசினார். பூவைக் கண்ணில் ஒற்றினார். வாழைப்பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்தார்.

“இப்ப திருப்திதானே அக்கா?” என்று கேட்டுவிட்டேன். என் மனப்பாரத்தை இறக்கத்தான் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது.

“அமாவாசை எல்லாருக்கும் பொது பிள்ளை. அவனுக்கெண்டு இருந்தது அந்த ஒரு நாள்தான்.”

நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தோலை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர் கேட்டார்.

“நீர் அண்டைக்கு எழுதிக்கொண்டு போன திகதி, அது இன்னும் உம்மடை பெட்டிக்குள்ளை கிடக்கோ?”

“கிடக்கு அக்கா. இனி ஒருத்தரும் பாவிக்கமாட்டினம்.”

“எடுத்துவிடும். அது பொலிஸ்காரன் எழுதின நாள். ஆசுப்பத்திரியிலை எழுதின நாள். அந்தத் துண்டை நான் அலுமாரிக்கு அடியிலை வைச்சிருந்தது பாக்கக்கூடாது எண்டுதான். நீர் கேட்டபடியால் எடுத்தனான். தசமிதான் நான் அவனுக்குச் சோறு வைக்கிற நாள். அது என்னோடை இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு பெயரை நீக்குகிற பாடம் எங்களுக்கு நடக்கவில்லை. கொப்பியிலும் இல்லை. பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும், அதற்கு லூப். சுதனின் பெயர் வந்தால் மட்டும் எடுக்க வேண்டும், அதற்கு இஃப். யாரும் சொல்லித் தராமல், எதையும் பார்க்காமல் விரல் தானாகப் போனது. இதைத்தானா ஒரு வருடம் விளங்கவில்லை என்று அழுதேன் என்று இருந்தது.

நாலே நாலு வரி. நான் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம். முதல் தரமே ஓடியது.

பட்டியலைத் திரும்பத் திறந்து பார்த்தேன். சுதனின் பெயர் இருந்த இடம் தெரியாமல் மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொண்டிருந்தன. சிவசிவா என்று சொல்லி மூடினேன். அன்றைக்குப் பிறகு நான் அதைத் திறக்கவில்லை.